அஞ்செட்டியில் ஒரு நைட் ஷிப்ட்

சனிக்கிழமை, காலை ஏழு மணி

ஓசூர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து நாங்கள் கிளம்பியபோது, முதல் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்ட கம்பெனி பஸ்கள் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. முன்னால் எங்கள் பழைய ஜீப். அதன் பின்னால் கொக்கி போட்டு மாட்டிய ஒரு தகர வீடு. பத்தடி நீளம், ஆறடி அகலம். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, இரண்டு ஜன்னல். என் வீட்டுக்காரருடைய நண்பர் ஒருவர் தன் வெல்டிங் பட்டறையில் செய்து கொடுத்தது. அவர்கள் இருவரும் இதை டிரெய்லர் என்பார்கள். எங்கள் தெருவில் நாய் வண்டி என்கிறார்கள்.

இது கல்யாணமான புதிதில் அவர் எனக்குக் கொடுத்த வாக்குறுதி. "ரிட்டயர் ஆனதும் ஊர் ஊரா போலாம் சரசு. லாட்ஜ் தேட வேண்டாம், எவன் வீட்டுத் திண்ணையும் வேண்டாம். நம்ம வீட்டையே இழுத்துக்கினு போலாம்" என்றார். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். அவர் பாலக்கோட்டுக்காரர். பாலக்கோட்டுக்காரர்கள் பேச்சில் கெட்டி என்று எங்கள் வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் சிரித்துவிட்டு மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை. வண்டி அச்சு தயாரிக்கும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்துக்கொண்டே முப்பது வருஷம் மனசுக்குள் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

வீடு தயாரானபோது அவருக்கு மூச்சில் கோளாறு வந்தது. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது. இப்போது இரவில் மூக்கில் ஒரு முகமூடியும், தலைமாட்டில் காற்றைத் தள்ளும் ஒரு சின்ன மெஷினும். "மெஷின் இல்லாமல் ஒரு தூக்கம்கூடத் தூங்கக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். ஊர் ஊராகப் போகிறவர்களுக்குக் கரண்ட்டுக்கு எங்கே போவது?

அதனால்தான் சோலார். அதைக் குறைந்த செலவில் எப்படிச் செய்வது என்று இரண்டு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவர் போட்ட கணக்கு எனக்கே மனப்பாடம். மெஷின் நாற்பது வாட், சின்ன ஃபேன் இருபது வாட். எட்டு மணி நேரத்துக்கு இரண்டும் சேர்ந்து அரை யூனிட். நூற்று அறுபத்தைந்து வாட் பேனல் இரண்டு கூரையில் போட்டால் ஒரு பகல் வெயிலில் அதைப்போல இரண்டு மடங்கு கிடைக்கும். பேனல் ஒன்று ஆறாயிரத்து எண்ணூறு. பேட்டரிக்குச் சரியாகச் சார்ஜ் போக ஒரு கன்ட்ரோலர் ஆயிரத்து ஐநூறு. ஒயர், ஃபியூஸ், கிளாம்ப் எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஆக மொத்தம் பதினேழாயிரத்தில் வேலை முடிந்தது.

பேட்டரிதான் இடித்தது. ராயக்கோட்டை ரோட்டுக் கடைக்காரர் புது லித்தியம் பேட்டரிக்கு இருபத்தெட்டாயிரம் சொன்னார். இவர், "வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி சும்மாதான கெடக்குது" என்று பழையதையே இன்வெர்ட்டரோடு தூக்கி வைத்துவிட்டார். பழைய பேட்டரியில் பாதிச் சார்ஜுக்கு மேல் எடுக்கக் கூடாதாம். அந்தப் பாதியே ஒரு ராத்திரிக்குப் போதும் என்பது அவர் கணக்கு.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் கவிதாவுக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. பட்டறை நண்பரிடம் யாரோ வந்து, இந்த வண்டியைப் பிரியாணிக் கடை போட நல்ல விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். "ஒரு ராத்திரி வெளியில தங்கிப் பாருங்க. மெஷின் ஓடலைன்னா வித்துடணும். சரியா?" என்றாள் கவிதா. அவர் சரி என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

சாலை

எங்கே போவது என்பதில் முதலில் சானமாவுப் பக்கம் பேச்சு வந்தது. அங்கே யானை நடமாட்டம் என்று தெரிந்தவர்கள் சொன்னதால் அஞ்செட்டி என்று முடிவாயிற்று. அங்கே யானை இல்லையா என்றால் இருக்கிறது. ஆனால் அஞ்செட்டியில் தெரிந்த ஆள் இருந்தார்.

பெரிய ரோட்டுக்கு வருமுன் வண்டி எங்கள் பழைய லைன் வீடு இருந்த சந்தின் முனையைத் தாண்டியது. நான் கேட்காமலே அவர் வேகத்தைக் குறைத்தார். வரிசையாக எட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம். அந்த எட்டு வீட்டிலும் ஷிப்ட் வேலைக்காரர்கள். திருநெல்வேலி, ஆரணி, சேலம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேச்சு. எந்த வீட்டில் ஆள் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறாரோ, அந்த வீட்டுத் தாழ்ப்பாளில் ஒரு துண்டு கட்டியிருக்கும். துண்டைப் பார்த்தால் பால்காரர் மணி அடிக்க மாட்டார், கீரைக்காரம்மா வாயைத் திறக்க மாட்டார், பிள்ளைகள் அடுத்த சந்துக்குப் பந்தைக் கொண்டுபோய்விடும். நான் ஜன்னலில் கம்பளியை ஆணி அடித்துத் தொங்கவிட்டு இருட்டாக்குவேன். குக்கர் விசில் வரும் நேரத்துக்கு ஓடிப்போய்க் கரண்டியால் வெயிட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். எத்தனையோ வருஷம் பகல் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். அப்போது அலுப்பாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த இருட்டு அறையின் மேல் ஆசையாக இருக்கிறது.

மத்திகிரி தாண்டி, தேன்கனிக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்காரர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"என்னா கடை சார் இது, பானி பூரியா?"

"கடை இல்லப்பா. வீடு."

"வீடா? மேல என்னா ரெண்டு கண்ணாடி?"

"கரண்ட். பில்லு கட்டத் தேவையில்ல" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார். டீக்கடையில் நின்ற நாலு பேருக்கும் கால் மணி நேரம் வகுப்பு நடந்தது. நான் இன்னொரு டீ குடித்தேன்.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் ரோடு காட்டுக்குள் இறங்குகிறது. ஓசூரிலிருந்து அஞ்செட்டி ஐம்பது கிலோமீட்டர்தான். பின்னால் வீட்டைக் கட்டிக்கொண்டு வளைவுகளில் ஊர்ந்தால் ஐம்பது நூறாகிவிடுகிறது. இதே ரோட்டில் கல்யாணமான வருஷம் பஸ்ஸில் வந்திருக்கிறோம். அவருக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளில் எங்கேயாவது போய்விட்டு ராத்திரி ஷிப்டுக்குள் திரும்பியாக வேண்டும். அஞ்செட்டியில் இறங்கி, ஆளுக்கு ஒரு சோளக்கதிர் வாங்கித் தின்றுவிட்டு, அதே பஸ் திரும்பும்போது ஏறி வந்துவிட்டோம். ஊரைப் பார்த்தது கதிர் தின்று முடிக்கிற நேரம்தான். அடுத்த தடவை வந்தால் தங்க வேண்டும் என்று அன்றைக்கு நான் சொன்னேனாம். அவர் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

காலை பதினொரு மணி

அஞ்செட்டி ஊரைத் தாண்டி ஒரு சின்ன மலைக் கிராமத்தில் மாதையன் வீடு. என் வீட்டுக்காரரோடு கம்பெனியில் வேலை பார்த்தவரின் அண்ணன். கேழ்வரகு விளையும் கொல்லையும் நாலு மாடும்தான் அவர் பிழைப்பு. மனைவி பெயர் கெம்பம்மா. "பன்னி பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்றுவிட்டு, உடனே தமிழுக்கு மாறி, "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார்.

மாதையன் வண்டியை ஒரு தடவை பார்த்தார். வெயிலையும் பார்த்தார். "புளியாமரத்தடிக்கு உடுங்க சார். ஜில்லுனு இருக்கும்" என்றார்.

நல்ல பெரிய மரம். எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் முதலில் நிழலைத்தானே தேடுவோம்? இவர் முன்னும் பின்னும் எடுத்து, ஒரு பொட்டு வெயில்கூட விழாதபடி அழகாக நிறுத்தினார். நான் கீழே நின்று "இன்னும் கொஞ்சம் உள்ள, இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டினேன். மாதையன் சக்கரத்துக்குக் கல் வைத்தார். மூன்று பேருக்கும் திருப்தியாக இருந்தது.

முந்தின நாள் மழையில் கரண்ட் கம்பி அறுந்து கிராமத்தில் கரண்ட் இல்லை. திங்கட்கிழமைதான் லைன்மேன் வருவாராம். இவருக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "எதுக்குக் கவலை? நம்ம வண்டியில இருக்குதே" என்று ஒரு போனை வாங்கிச் சார்ஜ் போட்டார். சேதி பரவி, ஊரிலிருக்கும் போன்கள் எல்லாம் வந்து எங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டன. கெம்பம்மாவின் மிக்ஸியை இன்வெர்ட்டரில் மாட்டித் தேங்காய்ச் சட்னி அரைத்துக் கொடுத்தார். ஃபேனைப் போட்டு, ஊர்ப் பெரியவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் காற்று வாங்கச் சொன்னார். களியும் கீரைக் குழம்பும் சட்னியும் சாப்பிட்டோம். பூவைத் தேடி வந்த தேனீ மாதிரி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இவ்வளவு சந்தோஷமாக அவரை ரிட்டயரான பிறகு நான் பார்த்ததில்லை.

மாலை நாலு மணி

கன்ட்ரோலர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது.

அவர் போய்ப் பார்த்தார். பார்த்தவர் திரும்பி வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அந்தச் சின்னத் திரையில் பேட்டரி படம் அடிவரை வெளுத்திருந்தது. வெயிலிலிருந்து வருகிற கரண்ட் என்ற இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேல் புளியமரம்.

"சரசு" என்றார். "நெழல்ல நிறுத்திப்புட்டேன்."

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எங்களுக்கு வெயிலின் அருமை நிழலில் தெரிந்தது. முப்பது வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்த ஆள், யானைக்கும் அடி சறுக்கும் என்று கேலி செய்ய வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

வண்டியை வெயிலுக்கு இழுக்கலாம் என்று வெளியே வந்தால், சூரியன் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஜீப்பை ஓடவிட்டு ஏற்றலாம் என்றால், ஜீப் பேட்டரியே தள்ளி ஸ்டார்ட் செய்கிற நிலையில் இருந்தது. அதையும் கெடுத்துக்கொண்டால் ஊர் போய்ச் சேர முடியாது. இருட்டுவதற்குள் காட்டு ரோட்டில் திரும்பிவிடலாம். அது ஒன்றுதான் மிச்சம்.

கவிதா போன் செய்தாள். நான் மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்னேன்ல? இப்பவே கெளம்பி வாங்கம்மா. அப்பாவ மெஷின் இல்லாம ஒரு நிமிஷம்கூடத் தூங்க விடாதீங்க. நாளைக்கே பட்டறை அங்கிளுக்குப் போன் பண்ணி வண்டியக் குடுத்துடச் சொல்லுங்க" என்றாள். அவளுக்குக் கோபமில்லை, பயம். அது எனக்கும் இருந்தது.

அவர் கொக்கியைச் சரிபார்க்கக் குனிந்தார். அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மனுஷன் முப்பது வருஷமாகக் கட்டிய வீடு, ஒரு மர நிழலில் போகிறதே என்று அழுகை வந்தது.

அந்த நேரத்தில் மாதையன் கையில் டார்ச்சும் தகர டப்பாவுமாகக் கொல்லைக்குப் புறப்பட்டார். அறுப்புக்கு நிற்கிற கேழ்வரகுக்கு யானை வரும். அதனால் ராத்திரி முழுக்க, கொல்லையில் உயரக் கட்டிய பரண் மேல் உட்கார்ந்து காவல்.

"தூங்கவே மாட்டீங்களா?" என்று இவர் கேட்டார்.

"ராத்திரி எங்க சார் தூங்கறது? விடிஞ்சு வந்து தூங்குவேன். அறுப்பு முடியற மட்டும் இப்படித்தான்."

என் வீட்டுக்காரர் கொக்கியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். லைன் வீட்டில் திங்கட்கிழமை சாயந்திரம் ஷிப்ட் மாறும்போது பார்க்கிற பார்வை.

"சரசு, நான் நைட் ஷிப்ட் போட்டுட்டா?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. தூங்கினால்தானே மெஷின் வேண்டும்? பேட்டரி எதற்கு? ராத்திரிக்கு வெயிலைச் சேர்த்து வைக்கத்தானே? பகலில் தூங்குகிறவனுக்கு வெயிலே நேராக மெஷினை ஓட்டுமே.

"உங்களுக்கு இன்னும் முழிக்க முடியுமா?" என்றேன்.

"முப்பது வருசம் முழிச்சேன். ஒரு ராத்திரி முழிக்க மாட்டனா?"

கம்பளியும் பிளாஸ்க்கில் டீயும் கொடுத்து அனுப்பினேன். "தூக்கம் வந்தா ஒடனே எறங்கி வந்து என்னை எழுப்பணும்" என்று சொன்னேன். "மாதையண்ணே, அவரு கண்ணு சொக்குனா உலுக்கி விட்ருங்க" என்று அவரிடமும் சொன்னேன். மாதையன் பரணுக்கு ஒரு துணை கிடைத்ததில் குஷியாகிவிட்டார். நான் கெம்பம்மாவோடு அவர்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை

இருவரும் பரணிலிருந்து இறங்கி வந்தார்கள். யானை வரவில்லை. காட்டுப்பன்றிதான் வந்து டப்பாச் சத்தத்துக்கு ஓடியதாம். இவர் கண் சிவந்திருந்தது. ஆனால் நடையில் ஷிப்ட் முடித்து வருகிறவரின் பழைய மிடுக்கு இருந்தது.

இப்போது வேறொரு சிக்கல். வெயிலில் வண்டியை நிறுத்தினால் பேனலுக்கு நல்லது, உள்ளே படுப்பவர் வெந்துபோவார். தகரக் கூரை அல்லவா? மரத்தடியில் நிறுத்தினால் நேற்றைய கதை. இவர் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பேனலு எதுக்கு வீட்டு மேலயே ஒக்காந்துக்கினு இருக்கணும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஏறிப்போய்க் கிளாம்பைக் கழற்றினார். இரண்டு பேனலையும் நானும் கெம்பம்மாவும் பிடித்து இறக்கி, கேழ்வரகு உலர்த்தும் பாறையில் சாய்த்து வைத்தோம். வெயில் அங்கே விழ ஆரம்பித்திருந்தது. மாதையன் மோட்டார் ரூமிலிருந்து நீளமான ஒயர்ச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பேனல் வெயிலில், வீடு நிழலில். இரண்டு மாதம் கணக்குப் போட்டும் தோன்றாதது.

கன்ட்ரோலரில் எண் ஏறியது. அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தார். மெஷின் மெல்ல உறும ஆரம்பித்தது. மாதையன் தன் வீட்டுக்குத் தூங்கப் போனார்.

நான் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது. யோசிக்கவே இல்லை, கை தானாகத் தாழ்ப்பாளில் முடிச்சுப் போட்டுவிட்டது.

பகல்

கெம்பம்மா துண்டைப் பார்த்துவிட்டு, "என்னம்மா அது, வேண்டுதலா?" என்று கேட்டார். லைன் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். சத்தம் போடாமல் சிரித்தார். உள்ளே போனவர் ஒரு துண்டை எடுத்துவந்து தன் வீட்டுக் கதவிலும் கட்டினார். "நம்மாளும் நைட்டுதான?" என்றார். பிறகு நாயைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் கட்டினார். போனைத் திரும்ப வாங்க வந்தவர்களை வாயில் விரல் வைத்து நிறுத்தினார். நாங்கள் இருவரும் பாறை ஓரத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டே குசுகுசுவென்று பேசினோம். வெயில் நகர நகர நான் எழுந்துபோய்ப் பேனலைத் திருப்பி வைத்தேன். இடையிடையே ஜன்னலோரம் காது வைத்துக் கேட்டேன். உறுமல் நிற்கவில்லை.

மூக்கண்டப்பள்ளியில் இப்படி உட்கார்ந்திருந்த பகல்களில் லாரிச் சத்தத்துக்கும் கல்யாண மண்டப மைக்குக்கும் பயந்துகொண்டே இருப்பேன். அவருக்குத் தூக்கம் கலைந்தால் ராத்திரி கம்பெனி மெஷினில் கை மாட்டிக்கொள்ளும் என்ற பயம் அது. இங்கே கிளிகள் மட்டும்தான். பயமும் இல்லை. ஆனாலும் அந்தப் பழைய காவல் திரும்பக் கிடைத்ததில் எனக்கு ஒரு நிறைவு. அந்த வயதும் கூடவே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கவிதா போன் செய்தாள். "அப்பா எங்கம்மா? ராத்திரி எப்படி இருந்தாரு?"

"ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்குறாரு. மெஷின் ஓடுது" என்றேன்.

துண்டு கட்டிய கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு விளையாடி வளர்ந்த பிள்ளை அவள். "துண்டு கட்டினீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். கட்டினேன் என்றேன். "அப்ப நான் சத்தமாப் பேசல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பிரியாணிக் கடைக்காரருக்கு வண்டி இல்லை என்று பட்டறை நண்பருக்கு நானே செய்தி அனுப்பினேன். இனி எங்கள் பயணம் எப்படி என்பதும் அந்தப் பாறையிலேயே முடிவாயிற்று. பேட்டரி கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு மாறட்டும். அதுவரை இவர் பகலில் தூங்குவார், சாயந்திரம் வண்டி ஓட்டுவார். வாங்க வேண்டியது ஒரு நீள ஒயர் மட்டும். இன்று பொழுது சாய்வதற்குள் காட்டு ரோட்டைத் தாண்டிவிட வேண்டும். மாதையனின் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துண்டை மட்டும் கெம்பம்மாவுக்கு விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னேன். அவர் வீட்டுத் துண்டு கிழிசல்.

மூன்று மணிக்குச் சாமான்களைக் கட்டலாம் என்று மெல்லக் கதவைத் திறந்தேன். உள்ளே கம்பளியின் இருட்டு. வெளிச்சம் பட்டதும் அவர் புரண்டார். முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"மணி என்னா சரசு? பஸ் வந்துருச்சா?"

லைன் வீட்டில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் கேட்ட கேள்வி. எவ்வளவு அசதியில் கிடந்தாலும், எழுப்ப மனசே இல்லாவிட்டாலும், "வந்துருச்சு, எந்திரிங்க" என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

கிளம்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. முகமூடியைச் சரியாக மாட்டிவிட்டேன்.

"பஸ் இனிமே வராதுங்க" என்றேன். "நீங்க தூங்குங்க."